முதலில் பெட்டியின் முதுகைப் பாருங்கள்

மேடையில் கிட்டார் வாசிக்கிறவர்களிடமிருந்து இந்த முறை கடிதங்கள் நிறைய. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆம்ப் மாடலர். பெரிய ஆம்ப், அதன் ஸ்பீக்கர் கேபினெட், பத்துப் பதினைந்து எஃபெக்ட் பெடல், எல்லாவற்றையும் கணக்குப் போட்டே பாவனை செய்து ஒரே பெட்டியில் அடக்கித் தரும் சாதனம். எதை வாங்குவது, வாங்கியதை மேடையில் எப்படிச் சமாளிப்பது என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, மூன்று வருடமாக வீட்டில் வாசிக்கிறேன். இப்போது ஒரு பேண்டில் சேர்ந்துவிட்டேன், இரண்டு மாதத்தில் முதல் மேடை. ஹீலிக்ஸா, குவாட் கார்டெக்ஸா, கெம்பரா, ஃபிராக்டலா என்று ராத்திரி முழுக்க வீடியோ பார்த்தே தூக்கம் போகிறது. டோன் எதில் நன்றாக இருக்கும்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்.

பதில்: ஒரே பெயர் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்ன நான்கில் எதை எடுத்தாலும் டோன் நன்றாகத்தான் இருக்கும். ஃபிராக்டலின் முதல் ஆக்ஸ் எஃப்எக்ஸ் 2006-இல் வந்தது, கெம்பர் 2011-இல், ஹீலிக்ஸ் 2015-இல், குவாட் கார்டெக்ஸ் 2021-இல். இவ்வளவு நாள் போட்டி போட்டு இவை வந்து நிற்கிற இடம் என்னவென்றால், டிரம்ஸும் பேஸும் பாட்டும் சேர்ந்து முழங்கும்போது கிட்டார் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் கூட்டத்தில் ஒருவரும் இருக்க மாட்டார். நானும் சொல்ல மாட்டேன்.

2013 டிசம்பரில் மெட்டாலிக்கா குழு அண்டார்டிகாவில், அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில் வாசித்தது. வெளியே சத்தம் போகக் கூடாது என்பதால் மேடையில் ஆம்ப் முழக்கம் கிடையாது. கேட்க வந்தவர்கள் எல்லோர் காதிலும் ஹெட்ஃபோன். கிட்டார்கள் போனது ஃபிராக்டல் பெட்டிகள் வழியாக. முதுகுக்குப் பின்னால் ஆம்ப்பைச் சுவர் மாதிரி அடுக்கி வாசித்துப் பழகியவர்களுக்கே அது போதுமானதாக இருந்தது என்றால், உங்கள் முதல் மேடைக்குப் போதாதா?

அதனால் டோன் கவலையைத் தள்ளி வையுங்கள். பெட்டியைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் திரையும் விளக்கும் மினுக்கும், ஆனால் மேடையில் உங்கள் மானத்தைக் காப்பது பின்பக்கத்து ஜாக்குகள்தான். உங்கள் சத்தம் எங்கே போகப்போகிறது? நேராக மிக்ஸருக்கா, உங்களுடைய கிட்டார் ஆம்ப்புக்கா, இல்லை இரண்டுக்கும் ஒரே நேரத்திலா? இது தெரியாமல் பெட்டி தேடுவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போல.

மிக்ஸருக்குத்தான் என்றால் எக்ஸ்எல்ஆர் அவுட்புட் இருப்பது பெரிய சௌகரியம். மைக் போலவே அதே கேபிளில் போய்ச் சேர்ந்துவிடும். ஹீலிக்ஸின் பெரிய தரைப் பெட்டியிலும் குவாட் கார்டெக்ஸிலும் அது உண்டு. எச்எக்ஸ் ஸ்டாம்ப், பாஸ் ஜிடி-1, பாட் கோ போன்றவற்றில் கிட்டார் கேபிள் செருகும் சாதாரண ஜாக் மட்டும்தான். தப்பில்லை, கூடவே ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் ஜாக்கிலிருந்து வருவதை மைக் கேபிளில் மிக்ஸருக்குப் போகும்படி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். மிக்ஸர், ஆம்ப் இரண்டுக்கும் போக வேண்டுமென்றால் இரண்டு தனி அவுட்புட் வேண்டும், அதோடு இரண்டு கேள்விக்குப் பதில் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஆம்ப்புக்குப் போகும் பக்கத்தில் மட்டும் கேபினெட் பாவனையை நிறுத்த முடியுமா? இன்னொன்று, பெட்டியின் மெயின் வால்யூமைத் திருகினால் மிக்ஸருக்குப் போவதும் சேர்ந்து மாறுமா? மாறும் என்றால், உங்கள் காதுக்குப் போதவில்லை என்று நீங்கள் கொஞ்சம் ஏற்றும்போதெல்லாம் மிக்ஸர் பக்கத்தில் இருப்பவர் பல்லைக் கடிப்பார். பாட் கோவில் எக்ஸ்எல்ஆர் இல்லாவிட்டாலும் ஆம்ப்புக்கென்று தனி ஜாக் இருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் மேடையில் உதவும்.

அப்புறம் கால். வாசிக்கப்போகும் பாட்டுகளில் அதிகம் மாறுகிற பாட்டு எது என்று பாருங்கள். அதில் எத்தனை தடவை கால் கீழே போகிறது, ஒவ்வொரு தடவையும் என்ன மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எச்எக்ஸ் ஸ்டாம்ப்பிலும் ஃபிராக்டல் எஃப்எம்3-இலும் ஸ்விட்ச் மூன்றுதான். குவாட் கார்டெக்ஸில் பதினொன்று. பாட்டுக்கு ஒரு சுத்தமான டோன், ஒரு கரகரப்பு, சோலோவுக்கு ஒரு தூக்கல் என்று இருப்பவருக்கு மூன்று போதும். நடுவில் டிலேயை, அதாவது எதிரொலியை, மட்டும் தனியாகப் போட்டு எடுக்க வேண்டும், காலை அசைத்து கிட்டாரை "வா வா" என்று பேச வைக்கும் வா எஃபெக்டும் வேண்டும் என்றால் மூன்றில் திண்டாடுவீர்கள், கூடவே அதற்குக் காலால் மேலும் கீழும் அசைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலும் உள்ளேயே இருக்கிறதா, வெளியிலிருந்து செருகணுமா என்றும் பார்க்க வேண்டிவரும்.

கடைசியாக, இருட்டில் அரை நிமிடத்துக்குள் பேஸைக் குறைக்க உங்களால் முடியுமா? அந்தப் பெட்டியில் அதற்கு எத்தனை மெனு திறக்க வேண்டும்? பாஸின் எம்இ-80, எம்இ-90 மாதிரிப் பெட்டிகளை வீடியோக்காரர்கள் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குமிழ் வெளியிலேயே இருக்கும், குனிந்து திருகினால் வேலை முடிந்தது. இரண்டு மாதமே இருக்கிற உங்களுக்கு என் ஓட்டு அந்தப் பக்கம்தான், அல்லது பாட் கோ மாதிரி எட்டு ஸ்விட்சும் ஒரு பெடலும் சேர்ந்தே வரும் நடுத்தரப் பெட்டி. பாருங்கள், பெயர் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் மூன்று சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஹெட்ஃபோனில் பல நாள் செதுக்கி வைத்த ப்ரீசெட் (ஆம்ப், எஃபெக்ட் அமைப்புகளைச் சேமித்து வைத்த தொகுப்பு), மேடை ஸ்பீக்கரில் வந்ததும் தேனீக் கூட்டில் கல்லெறிந்த மாதிரி இரைகிறது. சரி என்று வீட்டில் பழைய கிட்டார் ஆம்ப்பின் முன்பக்கம் செருகிப் பார்த்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மந்தம். பெட்டி பழுதா சார்?

பதில்: பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. மந்தத்துக்குக் காரணம் எளிது, அதை முதலில் முடித்துவிடலாம். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிட்டத்தட்ட கை விட்டுவிடும். அந்தக் குறைதான் எலெக்ட்ரிக் கிட்டாரின் குணமே. டிஸ்டார்ஷனில் கிளம்பும் சரசரப்பையெல்லாம் வடிகட்டிவிடுவது அதுதான். மாடலர் இந்த வடிகட்டலையும் சேர்த்தே பாவனை செய்கிறது. இப்போது பெட்டிக்குள் ஒரு பொய்க் கேபினெட், வெளியே நிஜக் கேபினெட், ஒரே சத்தம் இரண்டு தடவை வடிகட்டப்படுகிறது. போதாக்குறைக்கு ஆம்ப்பின் முன்பக்கத்தில் செருகியதால் ஆம்ப் மேல் ஆம்ப்பும் ஏறிவிட்டது. கேபினெட் பாவனையை அணைத்துவிட்டு, ஆம்ப்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்று ஒரு ஜாக் இருந்தால் அதில் செருகுங்கள், போர்வை விலகும்.

தேனீ விஷயம் வேறு. முதலில் ஒரு சந்தேகம்: பெட்டியின் அவுட்புட் அமைப்பில் "கிட்டார் ஆம்ப்புக்கு" என்று தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறீர்களா? சில பெட்டிகளில் அப்படி வைத்தால் ஜாக்குக்குப் போகும் சத்தத்தில் கேபினெட் பாவனை இருக்காது, ஹெட்ஃபோனில் மட்டும் இருக்கும். வீட்டில் தேன், மேடையில் தேனீ. பொது ஸ்பீக்கர் 5000-க்கு மேலேயும் தாராளமாகப் பேசும், நிஜ ஸ்பீக்கர் மறைத்து வைத்த சரசரப்பையெல்லாம் ஒன்றுவிடாமல் கூட்டத்துக்கு எடுத்துக் கொடுத்துவிடும்.

அது சரியாக இருந்தும் இரைகிறது என்றால் குற்றவாளி உங்கள் காது. உங்கள் காது மட்டுமல்ல, எல்லோர் காதும் அப்படித்தான். சத்தம் குறைவாக இருக்கும்போது நமக்கு அடி பேஸும் உச்ச சத்தமும் சரியாக எட்டாது; சத்தம் ஏற ஏற அவை இரண்டும் மேலே வந்துவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வளைகோடாகப் போட்டுவிட்டார்கள். ராத்திரி மெதுவாக வைத்து ப்ரீசெட் செய்பவர் பேஸ் போதவில்லை, பளிச்சென்று இல்லை என்று இரண்டையும் ஏற்றிவிடுவார். அதே ப்ரீசெட் மேடைச் சத்தத்தில் கீழே கும்மென்று முழங்கி மேலே காதைக் கிழிக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது, கிட்டார் வாழ்வதே நடுவில்தான்.

மருந்து: மேடையில் கேட்கப்போகிற அளவு சத்தத்தில், முடிந்தால் டிரம்ஸும் பேஸும் ஓடிக்கொண்டிருக்கும்போது, ப்ரீசெட்டை மறுபடி செய்யுங்கள். பயிற்சிக்குக் கூடும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்னால் போனால் முடிந்துவிடும் வேலை இது. கேபினெட் பாவனையில் 80லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள் ஓர் இடம் பிடித்து அதற்குக் கீழே ஒரு வெட்டு, 6000லிருந்து 8000-க்குள் ஓர் இடம் பிடித்து அதற்கு மேலே ஒரு வெட்டு. கெயினை, அதாவது கரகரப்பின் அளவை, நீங்கள் ஆசைப்படும் அளவிலிருந்து கால்வாசி குறையுங்கள். ரிவெர்ப்பைப் பாதியாக்குங்கள், மண்டபமே ரிவெர்ப்தான். மிட்டை, அதாவது நடு அலைவரிசையை, ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் சப்பென்று, கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும். அப்படியே விடுங்கள். பேண்ட் ஆரம்பித்ததும் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு உபரித் தகவல். இப்போதெல்லாம் கேபினெட் பாவனைக்கு ஐஆர் என்று ஒரு சின்ன ஒலிக்கோப்பை ஏற்றுகிறார்கள் இல்லையா? அது நிஜக் கேபினெட்டை ஒரு கணநேரத் துடிப்புக்கு ஆளாக்கி, மைக் வைத்துப் பிடித்த எதிரொலி. பெட்டி வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கிறது, ஐஆர் 2048 மாதிரி நீளம் என்றால் அது மொத்தமே 43 மில்லி வினாடி. உங்கள் டோனில் பாதிக்கு மேல் அந்த 43 மில்லி வினாடிதான் தீர்மானிக்கிறது. ஆம்ப் மாடலை இருபது தடவை மாற்றிப் பார்ப்பவர்கள் ஐஆரை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தால் சீக்கிரம் தூங்கப் போகலாம்.

கேள்வி: மாடலரில் சத்தம் தாமதமாக வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை, ஆனால் பெட்டி மட்டும் என்றால் பெரும்பாலும் சில மில்லி வினாடிதான். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லி வினாடி எடுக்கும். மூன்று மீட்டர் பின்னால் ஆம்ப் வைத்து வாசிப்பவர் 9 மில்லி வினாடித் தாமதத்தில் காலம் காலமாக வாசிக்கிறார், யாரும் புகார் சொன்னதில்லை. டிஜிட்டல் வயர்லெஸ், டிஜிட்டல் மிக்ஸர், காதுக்குள் வைக்கும் மானிட்டருக்கு இன்னொரு டிஜிட்டல் வயர்லெஸ் என்று வரிசையாக அடுக்கினால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கும். கை பின்தங்குகிற மாதிரி தோன்றினால் கிட்டார் வயர்லெஸ்ஸைக் கழற்றி கேபிள் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாட்டு நடுவில் ப்ரீசெட் மாற்றினால் ஒரு கணம் சத்தம் அறுந்துபோகிறது. டிலேயும் பட்டென்று நின்றுவிடுகிறது. விலை கூடிய பெட்டி வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: இந்தக் கேள்வி எனக்குப் பழைய காயம். பல வருடம் முன்னால் ஒரு மேடையில், மெல்லப் போகும் பகுதி முடிந்து எல்லோரும் சேர்ந்து வெடிக்க வேண்டிய இடத்தில், சரியாக முதல் தட்டில் காலை வைத்தேன். டிரம்ஸ் வெடித்தது, பேஸ் வெடித்தது, என் கிட்டார் மட்டும் மௌன விரதம். பெட்டி அடுத்த ப்ரீசெட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. முழுசாக அரை வினாடிகூட இருக்காது, ஆனால் டிரம்மர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

விலை கூடினால் இடைவெளி குறையலாம், ஆனால் வழி அதுவல்ல. ப்ரீசெட் மாற்றும்போது பெட்டி உள்ளே இருப்பதையெல்லாம் கலைத்துவிட்டுப் புது ஆம்ப், புது எஃபெக்ட் எல்லாவற்றையும் மறுபடி அடுக்குகிறது. அறை மாறுவது மாதிரி இது. அதற்குப் பதிலாக ஒரே அறையில் விளக்கை மட்டும் மாற்றலாம். ஹீலிக்ஸ் வகையில் அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர், ஃபிராக்டலிலும் குவாட் கார்டெக்ஸிலும் சீன். ஒரே ப்ரீசெட்டுக்குள் எந்த எஃபெக்ட் ஓடணும், எது அணையணும், கெயின் எவ்வளவு, வால்யூம் எவ்வளவு என்று சில நிலைகளைச் சேமித்து வைத்துவிட்டால் ஒரே மிதியில் எல்லாம் மாறும், அறுந்து போகாது, டிலேயின் வாலும் மெல்லத் தேய்ந்து முடியும். பாட்டுக்கு ஒரு ப்ரீசெட், பாட்டுக்குள் ஸ்னாப்ஷாட். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே எத்தனை நூறு ப்ரீசெட் என்பதில்லை, இந்த வசதி இருக்கிறதா என்பதுதான்.

சோலோவுக்குத் தூக்கும்போது இன்னொரு தப்பும் நடக்கிறது. ஆம்ப்புக்கு முன்னால் பூஸ்ட் போட்டால், ஏற்கெனவே கரகரக்கிற டோனில் கரகரப்புதான் கூடும், சத்தம் ஏறாது. சத்தம் ஏற வேண்டுமென்றால் ஆம்ப்புக்குப் பின்னால் 3, 4 டெசிபெல் தூக்கி வையுங்கள். மிக்ஸரில் இருப்பவரிடம் அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஏற்றியதை அவர் பொறுப்பாக இறக்கிவிடுவார்.

கேள்வி: பத்து வருடமாக ஒரு டியூப் ஆம்ப் வைத்திருக்கிறேன். அதை விற்றுவிட்டுத்தான் மாடலருக்குப் போகணுமா? மனசு கேட்கவில்லை.

பதில்: கேட்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் (சத்தத்தை நடுவில் வெளியே அனுப்ப சென்ட், திரும்ப வாங்க ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக்) இருந்தால் நாலு கேபிள் முறை என்று ஒன்று உண்டு. கிட்டாரிலிருந்து பெட்டிக்கு ஒன்று, பெட்டியின் சென்டிலிருந்து ஆம்ப்பின் முன்பக்கத்துக்கு ஒன்று, ஆம்ப்பின் சென்டிலிருந்து பெட்டியின் ரிட்டர்னுக்கு ஒன்று, பெட்டியின் அவுட்புட்டிலிருந்து ஆம்ப்பின் ரிட்டர்னுக்கு ஒன்று. வாவும் ஓவர்டிரைவும் ஆம்ப்புக்கு முன்னால் நிற்கும், டிலேயும் ரிவெர்ப்பும் பின்னால் போய்விடும், நடுவில் கரகரப்பைத் தருவது உங்கள் பழைய டியூப்தான். பெட்டிக்குள் ஆம்ப் பாவனையை அணைத்துவிட மறக்காதீர்கள். இதற்கும் முதுகைத்தான் பார்க்கணும்: சென்ட், ரிட்டர்ன் இல்லாத பெட்டியில் இது நடக்காது. நாலு கேபிளும் ஒரே நீளத்தில் சேர்த்துக் கட்டி, முனைக்கு ஒரு நிறத்தில் டேப் ஒட்டுங்கள். மேடையில் இருட்டு, பதற்றம் எல்லாம் சேர்ந்துகொண்டால் எந்த முனை எதற்கு என்று உங்களுக்கே தெரியாது.

ஆம்ப் தூக்க முடியாத நாளில் அதே பெட்டி மட்டும் பையில் போய் நேராக மிக்ஸரில் செருகிக்கொள்ளும். அதற்கென்று ஒரு ப்ரீசெட் தனியாக வைத்திருங்கள், ஆம்ப்பும் கேபினெட்டும் பாவனையில் ஓடுகிற மாதிரி.

கேள்வி: தனியாக எஃப்ஆர்எஃப்ஆர் ஸ்பீக்கர் வாங்கியே ஆகணும் என்று நண்பர் சொல்கிறார். வாங்கணுமா?

பதில்: எஃப்ஆர்எஃப்ஆர் என்றால் கீழிருந்து மேல் வரை எல்லா அலைவரிசையையும் கூட்டாமல் குறைக்காமல் தரும் ஸ்பீக்கர், நல்ல மேடை மானிட்டரும் ஏறக்குறைய அதே ஜாதிதான். நீங்கள் வாசிக்கும் இடங்களில் மானிட்டர் தருகிறார்கள், அதில் உங்கள் கிட்டார் கேட்கிறது என்றால் வேண்டாம். மானிட்டரில் எப்போதும் பாடகர் குரல் மட்டும்தான் கிடைக்கிறது, நீங்கள் வாசிப்பது உங்களுக்கே கேட்பதில்லை என்றால் வாங்குங்கள். ஆம்ப் பின்னால் நின்று முதுகில் உதைக்கிற அந்தச் சுகம் இதில் கிடைக்காது, சுத்தமான சத்தம்தான் கிடைக்கும். அந்த உதைதான் வேண்டும் என்றால் ஒரு பவர் ஆம்ப்பும் சாதாரண கிட்டார் கேபினெட்டும் போதும். ஆம்ப்புக்குப் போகும் பக்கம் கேபினெட் பாவனை நிறுத்தணும் என்று மேலே சொன்னது அங்கேதான் வரும்.

கேள்வி: மேடையில் செருகியதும் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். வீட்டில் இல்லவே இல்லை. அடாப்டர் கோளாறா?

பதில்: இரண்டு மூன்று சந்தேகம் இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கழியுங்கள். மிக்ஸருக்கும் ஆம்ப்புக்கும் ஒரே நேரத்தில் போகிறீர்கள் என்றால் இரண்டு வழியாகவும் தரையிணைப்பு சுற்றி வந்து ஹம் தரும். டிஐ பாக்ஸிலோ பெட்டியின் எக்ஸ்எல்ஆர் பக்கத்திலோ கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மின்சாரப் பிளக்கின் எர்த் முனையை உடைத்தோ டேப் ஒட்டி மறைத்தோ ஹம்மை நிறுத்துகிற வித்தையை யாராவது சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு. உயிர் போகிற விளையாட்டு அது.

அடாப்டரில் மூன்று பொருத்தம். வோல்ட் சரியாக அதே எண், நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்பது அதே, ஆம்பியர் மட்டும் தேவையைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. சாதாரண ஓவர்டிரைவ் பெடலுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். மாடலர் உள்ளே ஒரு குட்டிக் கணினி, எச்எக்ஸ் ஸ்டாம்ப்போடு வருகிற அடாப்டரே 9 வோல்ட், 3 ஆம்பியர். மற்ற பெடல்களோடு ஒரே வயரில் மாலையாகக் கோத்தால் இரையவும் செய்யும், பாட்டு நடுவே அணைந்து எழவும் செய்யும். கூடவே வந்த அடாப்டரையே தனியாகச் செருகுங்கள்.

இன்னொன்று, மிக்ஸரில் மைக்குகளுக்காக 48 வோல்ட் பேண்டம் பவர் போட்டு வைத்திருப்பார்கள். சில பெட்டிகளின் அவுட்புட்டுக்கு அது ஆகாது. உங்கள் பெட்டிக்கான கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் அந்த சேனலில் அதை அணைக்கச் சொல்லுங்கள், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாசிவ் டிஐ பாக்ஸை நடுவில் வையுங்கள். அது 48 வோல்ட்டை உள்ளே விடாது.

கேள்வி: ஸ்டீரியோவில் இடமும் வலமும் மாறி மாறி எதிரொலிக்கும் பிங்பாங் டிலே போட்டு அசத்தலாமா?

பதில்: ஹெட்ஃபோனில் அசத்துங்கள். சின்ன இடங்களில் மிக்ஸர் அனேகமாக மோனோதான். ஸ்டீரியோவாக இருந்தாலும், இடது ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு உங்கள் டிலேயில் பாதி மட்டும் கேட்கும். இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சில அகலப்படுத்தும் எஃபெக்டுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிட்டாரே மெலிந்துபோகும். மோனோவில் செய்து, மோனோவில் கேட்டு, இடது ஜாக்கில் மட்டும் செருகிக்கொண்டு போங்கள்.

கேள்வி: என் நண்பர் பழைய மாடலர் ஒன்றைக் கொடுக்கிறேன் என்கிறார். பத்து வருடத்துக்கு மேல் ஆனது. வாங்கிக்கொண்டால் கேலி செய்வார்களா?

பதில்: கேலி செய்பவர்கள் புதுசு வாங்கினாலும் செய்வார்கள், "டியூப் மாதிரி வருமா" என்று. 1989-இல் சான்ஸ்ஆம்ப் என்ற ஆம்ப் பாவனைப் பெட்டி வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள், 1998-இல் அவரைக்கொட்டை வடிவத்தில் முதல் பாட் வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். அந்தப் பெட்டிகளில் எத்தனையோ பேர் மேடை ஏறி இறங்கிவிட்டார்கள். வாங்குவதற்கு முன் மூன்று மட்டும் சோதியுங்கள்: ஒவ்வொரு ஸ்விட்சும் முதல் மிதியிலேயே வேலை செய்கிறதா, ஜாக்கை ஆட்டினால் கரகரக்கிறதா, உங்கள் கணினியோடு இணைந்து ப்ரீசெட்டைப் பத்திரப்படுத்த அதன் மென்பொருள் இன்னும் ஓடுகிறதா. மூன்றாவது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அமைப்புகளைத் திரையோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஸ்விட்ச் பழுதென்றால் மட்டும் நட்புக்காகக்கூட வாங்காதீர்கள். ஐஆர் ஏற்றும் வசதி அதில் இல்லாமல் டோன் சற்றுப் பழையதாகத் தெரிந்தால், உள்ளே இருக்கும் கேபினெட் பாவனையை அணைத்துவிட்டு, கடைசியில் ஒரு சின்ன ஐஆர் பெடலைச் சேருங்கள். பாதி வயது குறைந்துவிடும்.

கேள்வி: எல்லாம் ஒரே பெட்டியில். மேடையில் அது செத்துவிட்டால்?

பதில்: சாகும், ஒரு நாள். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், பையில் இடம் ஒதுக்குங்கள். என் பையில் கூடுதலாக இருப்பது: ஒரு டிஐ பாக்ஸ், இரண்டு கேபிள், இன்னொரு அடாப்டர், கேபினெட் பாவனை உள்ள ஒரு சின்ன ஓவர்டிரைவ் பெடல். பெட்டி மண்டையைப் போட்டால் கிட்டார், அந்தப் பெடல், டிஐ, மிக்ஸர். ஒரு பாட்டு ஆரம்பிக்கிற நேரத்துக்குள் மறுபடி சத்தம் வந்துவிடும், டிலே இருக்காது, அவ்வளவுதான். ப்ரீசெட் எல்லாவற்றையும் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் கணினியில் நகலெடுத்து வையுங்கள். நிகழ்ச்சி நாளன்று பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லித் திரையில் எவ்வளவு ஆசை காட்டினாலும் கை வைக்காதீர்கள். நான் ஒரு தடவை மதியம் மூன்று மணிக்குக் கை வைத்தேன். ஆறு மணிக்கு இரண்டு ப்ரீசெட் கைவசம் இருந்தது.